கர்சனின் இரண்டு கேள்விகள்

புதிய வைசிராயாகக் கர்சன் பிரபு பம்பாய்க் கரையில் வந்து இறங்கியது 1898 டிசம்பர் கடைசியில். வந்த மறுநாளே ஒரு குழு அவரைச் சந்தித்து ஒரு வரைவுத் திட்டத்தைக் கொடுத்தது. ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா தம் சொத்தில் ஏறத்தாழப் பாதியை, அன்றைய மதிப்பில் 30 லட்சம் ரூபாய் பெறுமான கட்டடங்களையும் நிலங்களையும், ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைக்க முன்வந்திருந்தார். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களை மட்டும் சேர்த்து அவர்களை ஆராய்ச்சியில் பழக்கும் பல்கலைக்கழகம் அது. கர்சனுக்கு இரண்டு விஷயங்களில் சந்தேகம். இதில் சேரும் தகுதியுள்ள மாணவர்கள் இந்தியாவில் எங்கே இருக்கிறார்கள்? படித்து முடித்து வந்தால் அவர்களுக்கு யார் வேலை கொடுப்பது? இந்தக் கேள்விகளை ஒரு ஏகாதிபத்தியவாதியின் முட்டுக்கட்டை என்று சொல்லிக் கடந்துபோவதே நம் வழக்கம். நான் அப்படிக் கருதவில்லை. இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் மாணவரும் வேலையும் முதலில் இருந்தால்தான் நிறுவனம் வரலாம் என்ற வரிசைதான் தவறு. பெங்களூரில் 1911-இல் கதவு திறந்த இந்திய அறிவியல் கழகம் தன் மாணவர்களையும் அவர்களுக்கான வேலையையும் தானே உண்டாக்கிக்கொண்டது. அதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு காலம் பலன் காட்டாமல் ஒரு கல்வி நிறுவனம் உயிரோடு இருக்க முடிந்தது எப்படி என்பதற்கு விடை அதன் அமைப்பில் இருக்கிறது.

அன்றைய பல்கலைக்கழகங்கள் எப்படி இருந்தன என்று முதலில் பார்க்க வேண்டும். 1857-இல் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் தொடங்கிய மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, பாடத்திட்டம் வகுப்பது, பரீட்சை நடத்துவது, பட்டம் வழங்குவது ஆகியவைதான் அவற்றின் வேலை. பாடம் நடத்தும் பொறுப்புக்கூட கல்லூரிகளுடையது. பல்கலைக்கழகமே ஆசிரியர்களை வைத்துக் கற்பிக்கலாம் என்று சட்டம் தெளிவாக இடம் கொடுத்தது 1904-இல்தான். இந்த ஏற்பாட்டில் ஆராய்ச்சிக்கு அறையும் இல்லை, கருவியும் இல்லை, சம்பளமும் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு மாணவர், வழிகாட்டப் பேராசிரியர் எவருமின்றித் தாமே செய்த ஒளியியல் சோதனையை எழுதி லண்டன் ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906-இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது பதினெட்டு. மறு ஆண்டு எம்.ஏ. முடித்த கையோடு நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் சி.வி. ராமன். கர்சனின் முதல் கேள்விக்கு விடையும் இரண்டாம் கேள்விக்கு ஆதாரமும் இந்த ஒருவரிடமே கிடைக்கின்றன. மாணவர் இருந்தார், அவர் விஞ்ஞானியாகப் பிழைக்க ஓர் இடம்தான் இல்லை.

டாட்டாவுக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 1892-லேயே ஒரு நிதியம் அமைத்து, திறமையுள்ள இளைஞர்களை மேல்படிப்புக்குச் சீமைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். ஆண்டுக்குச் சிலரை அப்படி அனுப்பலாம். திரும்பி வருபவர் சோதனைக்கூடத்துக்கு எங்கே போவார்? இந்த இடத்தில்தான் பர்ஜோர்ஜி பாத்ஷா வருகிறார். டாட்டாவின் நம்பிக்கைக்குரிய உதவியாளரான அவர், மாதக்கணக்கில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றிப் பல்கலைக்கழகங்களின் அமைப்பைப் படித்து வந்தார். பால்டிமோரில் 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியை முதன்மைப் பணியாக வைத்து வெற்றி பெற்றிருந்த காலம் அது. பாத்ஷா கொண்டுவந்த வரைவில் அறிவியலும் தொழில்நுட்பமும் மட்டுமல்ல, மருத்துவமும் தத்துவமும் கல்வியியலும் இருந்தன. பின்னர் சிம்லாவில் கூடிய கூட்டத்தில் அறிவியலும் தொழில்நுட்பமும் தவிர மற்றவை உதிர்ந்தன. அரிய வாயுக்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சே 1900-இல் வந்து சில வாரங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரைத் தேர்ந்தெடுத்தார். அவர் அறிக்கையில் கர்சனுக்குத் திருப்தியில்லை. மெல்போர்னிலிருந்து வந்த பேராசிரியர் மேசனும், ரூர்க்கி பொறியியல் கல்லூரியின் கர்னல் கிளிபார்னும் 1901-இல் மறுபடியும் ஆராய்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவே 1904 மே மாதம் ஜெர்மனியில் டாட்டா காலமானார். அவர் பிள்ளைகள் தொராப்ஜியும் ரத்தன்ஜியும் தந்தையின் சொல்லைக் காப்பாற்றினார்கள். வரைவு கைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1909 மே 27 அன்றுதான் நிறுவனத்தைத் தோற்றுவிக்கும் ஆணை பிறந்தது.

பெங்களூர் தேர்வானதற்கு நல்ல தட்பவெப்பம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மைசூர் சமஸ்தானம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் இந்தத் திட்டத்தை விரும்பி வரவேற்றார். இளம் மகாராஜா கிருஷ்ணராஜ உடையார் உரிய வயதை அடையும்வரை ஆட்சியைக் கவனித்த மகாராணியும் ஆதரவாக நின்றார். சமஸ்தானம் கொடுத்தது 371 ஏக்கர் நிலம், கட்டடச் செலவுக்கு 5 லட்சம் ரூபாய், ஆண்டுதோறும் 50,000 ரூபாய். டாட்டாவின் சொத்துகளிலிருந்து ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வருமானம் எதிர்பார்க்கப்பட்டது. இந்திய அரசு ஆண்டுக்கு 87,500 ரூபாய் தர ஒப்புக்கொண்டது. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் புரியும்: டாட்டாவின் தொகையையும் மைசூரின் தொகையையும் கூட்டினால் 1,75,000, அதில் சரிபாதி. மற்ற இருவரும் கொடுப்பதற்கு ஏற்பவே நானும் கொடுப்பேன் என்ற ஏற்பாடு. இப்படி மூன்று பணப்பைகள் சேர்ந்தன. எந்த ஒன்றும் தனியாக நிறுவனத்தை நடத்தப் போதாது. எந்த ஒன்றும் தனியாக அதற்கு எஜமானனாகவும் முடியாது. ஆளுகையும் இதே மாதிரிதான். நன்கொடையாளர்களும் அரசுகளும் இடம்பெற்ற கோர்ட்டும் கவுன்சிலும் ஒரு பக்கம், கல்வி விஷயங்களைக் கவனிக்கும் பேராசிரியர்களின் செனட் மறு பக்கம், இயக்குநர் நடுவில். எல்லாவற்றுக்கும் மேலே வைசிராய். நிறுவனம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வெளியாட்களைக் கொண்ட குழுவை அனுப்பும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 1921-இல் போப் குழு, 1931-இல் சீவெல் குழு, 1936-இல் இர்வின் குழு என்று மூன்று தணிக்கைகளை இந்த நிறுவனம் சந்தித்திருக்கிறது.

1911 ஜூலையில் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது இரண்டே துறைகள்: பொது மற்றும் பயன்பாட்டு வேதியியல், மின்தொழில்நுட்பம். சில வாரங்களில் கரிம வேதியியலும் சேர்ந்தது. மின்தொழில்நுட்பத்துக்கு மைசூரைவிடப் பொருத்தமான இடம் அன்று கிடையாது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கும் 1905-இல் பெங்களூருக்கும் வந்துவிட்டது. முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ், ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகிய வாயுக்களைக் கண்டறிந்தவர். இங்கே சேர்ந்த மாணவருக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்கும்: நிறுவனத்தால் பட்டம் கொடுக்க முடியாது. தன் பெயரில் ஒரு சான்றிதழ் கொடுக்கும், எம்.எஸ்சி. வேண்டுமென்றால் இங்கே செய்த ஆராய்ச்சியை எழுதிப் பம்பாய்க்கோ சென்னைக்கோ அனுப்பி அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்படியே ஓடியது. பட்டத்துக்காகவே படிப்பு என்று இருந்த ஒரு நாட்டில் இது பெரிய குறை என்று தோன்றலாம். எனக்கு இதுவே அந்த நிறுவனத்தின் தன்மையைக் காத்த ஏற்பாடாகத் தெரிகிறது. பட்டம் தராத இடத்துக்கு ஆய்வுக்கூடத்தைத் தேடி வருகிறவர்தான் வருவார். இணைப்புக் கல்லூரி வேண்டும், பரீட்சைக் கூடம் வேண்டும், மதிப்பெண் பட்டியல் வேண்டும் என்ற நச்சரிப்பு எதுவும் அதன் வாசலுக்கு வரவில்லை.

கர்சனின் இரண்டாம் கேள்விக்கு முதல் விடை முதல் உலகப் போரில் கிடைத்தது. மைசூர்க் காடுகளின் சந்தன மரம் சமஸ்தானத்தின் சொத்து. கட்டைகளை ஏலம் விட்டால் அவை பெரும்பாலும் கப்பலேறி ஜெர்மனிக்குப் போகும். எண்ணெய் அங்கே எடுக்கப்படும். 1914-இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. விற்காத கட்டைகள் குவிந்தன. அப்போது நிறுவனத்தின் வேதியியல் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் எண்ணெயை இங்கேயே எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். சந்தனத்தில் எண்ணெய் இருப்பது மரத்தின் வைரத்திலும் வேரிலும். வெளிப்புற வெண்மரத்தில் கிடையாது. வைரத்தைச் செதுக்கித் தூளாக்கி, கொப்பரையில் இட்டு, நீராவியை ஊடே செலுத்த வேண்டும். நீராவியோடு எழும் எண்ணெய் குளிர்ந்து நீரின்மேல் பிரிந்து நிற்கும். வேகமாக வருகிற சரக்கல்ல அது. நாள்கணக்கில் காய்ச்ச வேண்டும். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவையில் சரியாக வருவது ஆலைக் கொப்பரையில் வருமா என்பதுதான் உண்மையான சிக்கல். அதை அவர்கள் தீர்த்தார்கள். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்ட ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் அப்போது மைசூரின் தொழில்துறையைக் கவனித்து வந்தார். அவரும் துணை நின்றார். 1916-இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை வந்தது, அடுத்து மைசூர் நகரில் ஒன்று. இன்றும் கடைகளில் விற்கும் மைசூர் சாண்டல் சோப்பு அந்த எண்ணெயின் வழி வந்ததுதான். ஒரு தொழில் இருந்து அதற்கு ஆள் வேண்டும் என்று நிறுவனம் ஆள் தயாரித்த கதை இல்லை இது. நிறுவனம் இருந்ததால் ஒரு தொழில் பிறந்த கதை.

ஆனால் ஒரு சந்தன ஆலையை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளை நியாயப்படுத்திவிட முடியாது. இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. அதே காலத்தில் கல்கத்தாவில் வேறொரு வழி முயலப்பட்டது. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி பழைய பரீட்சைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முதுநிலை ஆராய்ச்சியைப் புகுத்தினார். தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் நன்கொடையில் 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நட்டார். கணக்கு அலுவலகத்திலிருந்த ராமனை 1917-இல் பாலித் பேராசிரியராகக் கொண்டுவந்தார். மேக்நாத் சாகாவின் அயனியாக்கக் கோட்பாடு 1920-இல் வந்தது. ராமன் விளைவு 1928-இல் வந்தது. அது நடந்த ஆய்வுக்கூடம் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் மக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகம். அந்த ஆண்டுகளில் பெங்களூர் அந்த உயரத்தில் எதையும் செய்யவில்லை. டிராவர்ஸ் கவுன்சிலோடு மோதி 1914-இல் விலகினார். பின்னால் வந்த தணிக்கைக் குழுக்களும் குறைகளைப் பார்த்தன. முக்கால்வாசிப் பணமும் நிலமும் பெங்களூருக்கு, முக்கால்வாசி அறிவியல் கல்கத்தாவுக்கு என்றால், அடித்தளம் இல்லாமல் கோபுரம் கட்டக்கூடாது என்று சொன்னவர்கள் ஜெயித்துவிட்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கல்கத்தாவின் சாதனை ஒரு மனிதரின் துணிச்சலில் நின்றது. அசுதோஷ் போன்ற ஒருவர் வாய்க்காத சென்னையிலும் பம்பாயிலும் பல்கலைக்கழகங்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. அவர் 1924-இல் மறைந்தார். ராமன் 1933-இல் கல்கத்தாவை விட்டார். அவர் வந்து சேர்ந்த இடம் எது? பெங்களூர், அங்கே இயக்குநரான முதல் இந்தியர் அவர். வந்ததும் இயற்பியல் துறையைத் தொடங்கினார். நாஜிகளால் நாட்டை விட்டு வெளியேறிய இயற்பியலாளர் மாக்ஸ் பார்னை 1935-இல் வரவழைத்துச் சில மாதங்கள் தங்கவைத்தார். பிறகு கவுன்சிலோடு ராமனுக்கும் மனக்கசப்பு வளர்ந்து, இர்வின் குழு விசாரணைக்குப்பின் 1937-இல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை தொடர்ந்தார். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அமைப்பின் பலம் இருக்கிறது. இயக்குநர் போனார், துறை போகவில்லை, ஆளும் போகவில்லை. இரண்டாவது காரணம், பொறியியலும் வேதியியலும் எழுதுகோலாலும் ஒரு நிறமாலைக் கருவியாலும் முடிகிற காரியங்கள் அல்ல. ராமன் தம் கண்டுபிடிப்புக்குப் பயன்படுத்திய கருவிகளின் செலவு மிகச் சிறியது. அதை அவரே பெருமையாகக் கருதினார். ஓர் உலையையோ மின்பொறிக் கூடத்தையோ அப்படி நடத்த முடியாது. அதற்கு ஆண்டு தவறாமல் பணம் வர வேண்டும். பலன் எங்கே என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்காமலும் வர வேண்டும். மூன்று பைகள் அதைத்தான் செய்தன.

அந்தப் பொறுமைக்குக் கூலி இரண்டாம் உலகப் போரில் கிடைத்தது. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். விமானப் பொறியாளர்கள் வேண்டும். நாட்டில் எங்கும் அந்தப் படிப்பு வேரூன்றியிருக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1942 டிசம்பரில், நிறுவனம் வானூர்திப் பொறியியல் துறையைத் திறந்தது. முப்பது ஆண்டுகளாக இயங்கிய பட்டறைகளும் ஆசிரியர்களும் இல்லாமல் இரண்டு ஆண்டுகளில் அப்படி ஒரு துறையைத் தொடங்கியிருக்க முடியாது. போரினால் கேம்பிரிட்ஜ் திரும்ப முடியாமல் நின்ற ஹோமி பாபா இங்கேதான் அண்டக்கதிர் ஆய்வு நடத்தினார். அவருடைய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1945-இல் இந்த வளாகத்தில் தொடங்கிவிட்டுத்தான் பம்பாய்க்குப் போனது. விக்ரம் சாராபாய் போர்க்காலத்தில் ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1951-இல் வந்து சேர்ந்த சதீஷ் தவான் நாட்டின் முதல் மீயொலிக் காற்றுச் சுரங்கத்தை இங்கே கட்டினார். பின்னர் இயக்குநராக இருந்துகொண்டே 1972 முதல் விண்வெளித் துறையையும் நடத்தினார். யார் வேலை கொடுப்பார் என்று கர்சன் கேட்டாரே, அதற்கு இந்தப் பெயர்கள் விடை. இங்கே வந்தவர்களே வேலை கொடுக்கும் நிறுவனங்களை உண்டாக்கினார்கள்.

இன்னொரு மறுப்பு எனக்கு மிகவும் கனமாகப் படுவது. சிலருக்காக இவ்வளவு பொதுப்பணமா? அந்தச் சிலர் யார் என்பதைத் தீர்மானித்தது திறமை மட்டுமா? 1933-இல் கமலா பாகவத் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதல் நிலையில் தேறி விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக ராமன் இடம் மறுத்தார். கமலா விடாமல் வாதாடிய பின், ஓராண்டு சோதனைக்காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். பருப்பு வகைகளிலும் பாலிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, பின்னாளில் கமலா சொஹோனி என்று அறியப்பட்டார். நிறுவனம் செய்தது அநீதி. அதற்குச் சமாதானம் கிடையாது. தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இடத்தில் தேர்ந்தெடுப்பவரின் தப்பெண்ணமும் சேர்ந்தே வரும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இந்த வகை நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களை உறிஞ்சிவிடுகின்றன என்று நீட்டிச் சொல்வதை ஜி.என். ராமச்சந்திரனின் வாழ்க்கை மறுக்கிறது. 1942-இல் மின்பொறியியல் படிக்க வந்தவரை ராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். ஆராய்ச்சி பெங்களூரில், பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். 1952-இல் சென்னைக்கு வந்து கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறையை நடத்தினார். பக்கத்து அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகளைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் புரதம் மூன்று புரிகளாக முறுக்கிய அமைப்பு என்று நிறுவினார். புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூருக்குத் திரும்பி மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். பெங்களூர் பறித்துக்கொண்ட ஆள் அல்ல அவர். பெங்களூர் பழக்கி அனுப்பியதால் சென்னையில் ஒரு பெரும் ஆய்வுப் பள்ளி உருவானது.

பட்டம் வழங்கும் உரிமை 1958-இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி நிகர்நிலைத் தகுதி முதலில் கிடைத்த இரண்டில் இது ஒன்று, மற்றது டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். வைசிராய் இருந்த இடத்தில் இன்று குடியரசுத் தலைவர். துறைகள் ஆறு பிரிவுகளுக்குள் அடங்குகின்றன. கோர்ட், கவுன்சில், செனட் என்ற கட்டுமானம் பெரும்பாலும் அப்படியே. பெங்களூர்ப் பழைய ஆட்கள் இன்னும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்கிறார்கள். 2011-இல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு நான்காண்டு அறிவியல் படிப்பு தொடங்கியபோது, முதுநிலை மட்டும் என்ற கொள்கை தோற்றுவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. நூறு ஆண்டு ஆராய்ச்சி செய்தவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து, கடைசி ஆண்டில் அவர்களையும் ஆய்வுக்கூடத்துக்குள் விடுகிறார்கள். மேலிருந்து கீழே கட்டிக்கொண்டு வருவதன் அடுத்த படி என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். 1899-இல் திட்டத்திலிருந்து உதிர்ந்த மருத்துவமும் திரும்பியிருக்கிறது: 2022-இல் அறிவிக்கப்பட்ட 425 கோடி ரூபாய்த் தனியார் நன்கொடையில் முதுநிலை மருத்துவப் பள்ளியும் 800 படுக்கை மருத்துவமனையும் எழுகின்றன.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மூன்று பைகளில் இன்று கனமானது ஒன்றுதான். நிறுவனம் பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் அரசின் பங்கு மற்ற இருவர் பங்கின் சரிபாதி என்று இருந்தது. அந்த விகிதம் தலைகீழான பிறகு, பலன் எங்கே என்று ஆண்டுதோறும் கேட்கும் உரிமையும் ஒரே கையில் சேர்கிறது. 1920-களின் பெங்களூரை அந்தக் கேள்வியால் அளந்திருந்தால் 1942-இல் திறக்க ஒரு துறையும் இருந்திருக்காது. ஆகையால் மருத்துவப் பள்ளிக்கு வந்தது போன்ற பெரிய தனியார் கொடைகளையும், கர்நாடக அரசின் பங்கையும், கட்டடங்களோடு நிறுத்தாமல் ஆண்டு வருமானம் தரும் நிலை நிதியாக மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் இது. டாட்டா பம்பாயின் வாடகைக் கட்டடங்களை எழுதிவைத்ததும் அந்தக் காரணத்துக்காகத்தான்.